உன் மாமரம் வேலிக்கு வெளியே போன கதை

என் மூத்த பிள்ளைக்கு,

நாங்கள் இங்கே சுகம், உன் சுகத்தை அறியத் தரவும் என்று தொடங்கினால் நீ சிரிப்பாய். நீ அடுத்த அறையில்தான் இருக்கிறாய். கல்யாணப் பொம்பிளை வெயிலில் திரிந்து கறுக்கக் கூடாது என்று உன் அம்மா உன்னை உள்ளே அடைத்து வைத்திருக்கிறாள். குசினியில் பலகாரச் சூடு நடக்கிறது. பயற்றம் பணியாரத்தின் வாசம் இந்தக் கடதாசியில்கூட ஏறியிருக்கும். ஒரு சுவருக்கு அப்பால் இருக்கிற மகளுக்குக் கடிதம் எழுதுகிற தகப்பன் இந்தக் குறிச்சியிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் நினைத்தேன். சனிக்கிழமை நீ ஜன்னலடியில் நின்று, "ஐயா, என்ரை மாமரத்தை ஏன் வேலிக்கு வெளியிலை விட்டனீங்கள்?" என்று கேட்டு அழுதபோது என் வாயில் வந்ததோ, "உனக்கு உது விளங்காது, பேசாமல் இரு" என்பதுதான். இத்தனை வருடம் வகுப்பில் நின்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் விளங்கவைத்த ஒரு வாத்தியார் சொல்கிற பேச்சா அது? அன்றிலிருந்து நீ எனக்குத் தேத்தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வாய் திறவாமல் போகிறாய். அந்தக் கோபம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், ஆகவே உன்னைக் குற்றம் சொல்ல மாட்டேன். புதன்கிழமை நீ மணவாட்டியாகத் தேவாலயத்துக்குப் போகுமுன் இதை வாசித்துவிட வேண்டும்.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிரசங்கம் பண்ணுகிறவனைப்போலச் சுற்றி வளைத்துக்கொண்டே போவேன். நீ ஊஞ்சல் ஆடிய அந்தக் கறுத்தக்கொழும்பான் மாமரம் எங்களுடையது அல்ல. அது உன் பெரியையாவினுடையது. அது நிற்கிற நிலமும் அவருடையதுதான். அதை நான் எடுத்துக்கொண்டேன். எடுத்ததைவிடப் பெரிய பிழை ஒன்றையும் செய்தேன், அதையும் சொல்கிறேன்.

என் அண்ணையாகிய உன் பெரியையா என்னைவிட எட்டு வயது மூத்தவர். எங்கள் ஐயா வாதம் வந்து படுத்தபோது தோட்டத்தைப் பார்த்தவர் அவர்தான். புகையிலைக்குத் தண்ணீர் இறைத்து அவருடைய குதிக்கால் வெடித்துக் கிடந்த காலத்தில் நான் மிஷன் பள்ளிக்கூட விடுதியில் இருந்து இங்கிலீஷ் இலக்கணம் படித்துக்கொண்டிருந்தேன். என் தகரப்பெட்டியைத் தலையில் வைத்து நடந்து வந்து என்னை விடுதியில் விட்டவர் அவர். நான் ஞானஸ்நானம் பெற்ற செய்தி கேட்டு எங்கள் ஐயா சோறு தின்னாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அப்போது, "அவன் படிச்சவன். யோசிச்சுத்தான் செய்திருப்பான். விடுங்கோ ஐயா" என்று எனக்காகக் கதைத்தவரும் அவர்தான். அவர் நெற்றியில் அன்றும் திருநீறு இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் முழுகாமல் ஒரு வருடமும் விட்டதில்லை. ஆனால் நான் வேதக்காரனானதைப் பற்றி இந்த நாள்வரை அவர் வாயிலிருந்து ஒரு குறைச்சொல் வந்ததில்லை. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள், ஏனென்றால் நீ கேட்டு வளர்ந்த கதை வேறு.

எங்கள் ஐயா போன பிறகு காணி இரண்டாயிற்று. வடக்குப் பாதி அண்ணைக்கு, தெற்குப் பாதி எனக்கு. நடுவேலி அடைக்கும் பொறுப்பு என்னுடையது. மாமரம் அவர் பக்கத்தில், வேலியிலிருந்து நாலு முழம் தள்ளி நின்றது. வேலியின் நடுவே, ஆள் குனிந்து நுழையும்படி ஒரு பொட்டு விட்டிருந்தோம். அதால்தான் நெருப்புத் தணலும் கறிக் கிண்ணமும் நீயும் போய்வந்தீர்கள். வேலிக்குத் தடியாக நடுகிற கிளுவைக் கதியால் உனக்குத் தெரியும். சிலது தளிர்க்கும், சிலது பட்டுப்போகும். முதல் வருடம் ஒன்று பட்டது. பழைய குழியில் வேர்க்கட்டை இறுகிக் கிடந்தது. அதை அலவாங்கால் கிண்டி எடுக்கப் பஞ்சிப்பட்டு, ஒரு கை தள்ளி அந்தப் பக்கத்தில் புதுக் கதியாலை நட்டேன். அது களவு அல்ல, சோம்பல். அடுத்த வருடம் பார்த்தால் வேலி அந்த இடத்தில் வளைந்து தெரிந்தது. நேராக்க வேண்டுமே என்று பக்கத்துக் கதியால்களையும் பிடுங்கி அதற்கு நேராக நட்டேன். அது சோம்பல் அல்ல, ஆனால் வேலி நேராவதாகத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு ஒவ்வொரு வருடமும் ஒரு சாண், ஒரு கை. ஒரு வருடம் மரம் வேலியிலேயே நின்றது, அடுத்த வருடம் மரம் உள்ளே நின்றது. அந்த வருடங்களில் எல்லாம் மாலைதோறும் குடும்ப ஜெபம் தவறவில்லை. ஞாயிறு பள்ளியில் தேவனுடைய கட்டளைகளான கற்பனைகள் பத்தையும் பிள்ளைகளுக்கு மனப்பாடம் பண்ணுவித்தேன். அயலவனுடையதை ஆசைப்படக் கூடாது என்கிற கடைசிக் கற்பனையில் வீடு வருகிறது, மாடு வருகிறது, கழுதைகூட வருகிறது, கதியால் வரவில்லை. அப்படித்தான் என் படிப்பு எனக்கு உதவியது.

உனக்கு ஆறு வயது நடந்தபோது ஒரு காலையில் அண்ணை வந்து வேலியடியில் நின்றார். தோளில் துவாய், கையில் ஒன்றும் இல்லை. மரத்தையும் வேலியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்: "தம்பி, உன்ரை வேலிக்குக் கால் முளைச்சிட்டுது போலை கிடக்கு." அந்த நேரம் நானும் சிரித்திருந்தால், "ஓம் அண்ணை, பாத்துக்கொண்டு வாறன்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், எல்லாம் அன்றைக்கே முடிந்திருக்கும். அவர் அதற்குத்தான் வழிவிட்டார். எனக்கோ காது சுட்டது. பக்கத்தில் உன் அம்மாவும் என்னிடம் படித்த இரண்டு பெரிய மாணாக்கரும் நின்றார்கள். "நான் ஆரின்ரை மண்ணையும் எடுக்கேல்லை. சந்தேகமெண்டால் வழக்குப் போட்டுக் கோடேறிப் பாருங்கோ" என்று சத்தம் போட்டேன். அவருடைய சிரிப்பு நின்றது. "கூடப்பிறந்தவனோடை கோடேற நான் பிறக்கேல்லையடா" என்றார். அன்று பின்னேரமே கருக்குமட்டையைக் கொண்டுவந்து, பொட்டைத் தன் கையால் அடைத்தார். நீ அந்தப் பக்கம் போவதற்கு ஓடிப்போய், மட்டையில் கை கீறி அழுதுகொண்டு வந்தாய்.

"பெரியையா ஏன் அடைச்சவர்?" என்று நீ கேட்டாய். உன் கைக்கு எண்ணெய் பூசிக்கொண்டே நான் சொன்ன பதில்தான், பிள்ளை, அந்தப் பெரிய பிழை. "நாங்கள் வேதக்காரர் எண்டது அவருக்குப் பிடிக்கேல்லை" என்றேன். யோசித்துச் சொன்ன பொய் அல்ல. நாக்கில் தானாக வந்தது, வந்தவுடன் எனக்கே இனித்தது. பிறகு அதை விடவே இல்லை. உன் தம்பிக்குச் சொன்னேன், பள்ளிக்கூடத்தில் சொன்னேன். ஒரு புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று, விசுவாசத்தினிமித்தம் என் சொந்தச் சகோதரனே என்னை வெறுத்துவிட்டான் என்று சாட்சி சொன்னேன். வயதான பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். போதகர் என் தோளில் கைவைத்து ஜெபித்தார். அடுத்த வருடம் என்னைச் சபை மூப்பராகத் தெரிந்தெடுத்தார்கள். சிலுவை சுமக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு நான் சுமந்து திரிந்தது ஒரு கிளுவைக் கதியாலை. இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, வெட்கமும் வருகிறது.

உன் காய்ச்சலைப் பற்றியும் நீ அறிய வேண்டும். உனக்கு எட்டு வயதில் நெருப்புக்காய்ச்சல் வந்து மானிப்பாய் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். பிழைப்பாய் என்று எங்களுக்கு நம்பிக்கை இல்லாத நாட்கள் அவை. அண்ணை தினமும் நடந்து வந்து வெளிவாசல் வேம்பின் கீழே நின்றார். உள்ளே வரவில்லை, நான் இருக்கிறேன் அல்லவா. போகிற வருகிறவர்களிடம், "அந்தச் சின்னப் பிள்ளைக்கு இண்டைக்கு எப்பிடி?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போவாராம். ஒருநாள் நான் அவரைக் கண்டேன், அவரும் என்னைக் கண்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். அன்று அவர் உன் அம்மாவின் கையில் ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்திருந்தார். நகுலேஸ்வரத்துத் திருநீறு. உனக்காக நேர்ந்து, உபவாசமிருந்து, கொண்டுவந்தது. உன் அம்மா அதை உன் தலையணைக்குக் கீழே வைத்தாள். நான் அதை எடுத்து ஜன்னலால் எறிந்தேன். வேதத்துக்கான வைராக்கியம் என்று அப்போது நினைத்தேன். இல்லை, பிள்ளை. நான் எடுத்துக்கொண்டது அவருடைய மண். அவரோ என் பிள்ளைக்காகப் பட்டினி கிடக்கிறார். அவர் நல்லவராக இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். நீ பிழைத்தாய். எங்கள் ஜெபத்தைக் கர்த்தர் கேட்டார் என்று சபையில் ஸ்தோத்திரம் சொன்னேன். அதில் பொய் இல்லை. ஆனால் கேட்கப்பட்ட ஜெபம் என்னுடையது மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டேனே, அதை என்னவென்று சொல்வது?

இனி உன் கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். இந்த வளவுக் காணியை உனக்குச் சீதனமாக எழுதுவதென்று பேசினோம். மாப்பிள்ளை பகுதியார் வந்து சுற்றிப் பார்த்தபோது, வேலிக்குள் நின்ற மாமரத்தை உன் வருங்கால மாமியார் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். உறுதி எழுத வந்த நொத்தாரிசு பழைய காணிப் பத்திரத்தை வாசித்துவிட்டு, "வாத்தியார், உறுதியிலை இருக்கிறதைவிடக் காணி கூடிக் கிடக்கே?" என்று கேட்டார். "பழைய அளவு பிழை. வேலிப்படி எழுதுங்கோ" என்றேன். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் உன் கல்யாண அறிவிப்பு முதல்முறை வாசிக்கப்பட்டது. திருவிருந்து ஞாயிறும் அதுதான். வேதபாடம் வாசிக்கிற முறை என்னுடையது. காணிக்கையைக் கொண்டுவருகிறவன், தன் சகோதரனுக்குத் தன்மேல் குறை உண்டென்று அங்கே நினைவு வந்தால், காணிக்கையை அப்படியே விட்டுவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாக வேண்டும் என்று கர்த்தர் சொல்கிற இடம். என் குரல் தடுமாறியிருக்கும் என்று நினைக்கிறாயா? இல்லை. கணீரென்று வாசித்தேன். வெளியே வந்தபோது இரண்டு பேர், "மூப்பர் வாசிச்சால் அது ஒரு தனி" என்றார்கள். நான் மகிழ்ந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் உன் அம்மா எனக்குச் சோறு போட்டாள். கறியை ஊற்றிக்கொண்டே, சந்தைக்குப் போகிற விஷயம் கதைக்கிறவளைப்போலக் கேட்டாள்: "இஞ்சாருங்கோ, பிள்ளைக்கு உந்தக் களவையும் சேர்த்தோ எழுதப்போறியள்?" "உனக்குத் தெரியுமோ?" என்றேன். "முதல் கதியாலிலையே தெரியும்." "பிறகேன் எனக்குச் சொல்லேல்லை?" அதற்கு அவள், "எத்தினை தரம் சொன்னனான். நீங்கள் வேதம் வாசிச்சுக்கொண்டிருந்தனீங்கள், கேக்கேல்லை" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உன் அம்மாவுக்கு எழுத்து வாசிப்பு குறைவு என்று நான் கேலி செய்வது உனக்குத் தெரியும். அந்த வேத வசனத்தை அன்று காலை நான் வாசித்தேன், அவள் கேட்டாள். எங்கள் இருவரில் யாருக்கு அது விளங்கியது என்பதை நீயே பார்த்துக்கொள். இப்படி ஒரு பெண்ணை எனக்குத் தந்ததற்காக நான் இத்தனை வருடமும் ஒழுங்காக நன்றி சொல்லவில்லை. இனிச் சொல்கிறேன்.

மறுநாள் காலை அண்ணையிடம் போனேன். பொட்டுத்தான் அடைபட்டிருக்கிறதே, ஒழுங்கையால் இறங்கி, சந்தியைச் சுற்றி, அவருடைய படலையைத் திறந்துகொண்டு போனேன். ஊரார் பார்த்தார்கள். அவர் கிணற்றடியில் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டும் மண்வெட்டியை வைக்கவில்லை. பாத்தி பாத்தியாகத் தண்ணீரைத் திருப்பிக்கொண்டே போனார், நான் வரம்பில் பின்னால் நடந்தேன். நான் கரும்பலகைக்கு முன்னால் அரைமணி நேரம் நிறுத்தாமல் பேசுகிறவன். அன்று ஒரு வசனம் சொல்ல இரண்டு பாத்தி போயிற்று. "அண்ணை, வேலியை நான்தான் தள்ளினனான்" என்றேன். அவர் திரும்பாமலே சொன்னார்: "ஓம். அது எனக்குத் தெரியும். உனக்குத் தெரியுமோ எண்டுதான் இவ்வளவு காலமும் பாத்துக்கொண்டிருந்தனான்." அங்கேயே நான் நிறுத்தியிருந்தால் ஒருவேளை அவர் சிரித்திருப்பார். ஆனால் பாதியைச் சொல்லி மீதியை ஒளிக்கிற வேலையை இனிச் செய்வதில்லை என்று முடிவு பண்ணிக்கொண்டு போயிருந்தேன். வேதக்காரர் என்பதற்காக அவர் எங்களை வெறுக்கிறார் என்று ஊரெல்லாம் சொன்னதையும், உனக்குச் சொன்னதையும், திருநீற்றை எறிந்ததையும் சொன்னேன். மண்வெட்டி நின்றது. "பிள்ளைக்குமோ அப்பிடிச் சொன்னனீ?" என்று மட்டும் கேட்டார். "ஓம்" என்றேன். அவர் மண்வெட்டியை வரம்பில் போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். தண்ணீர் ஒரே பாத்திக்குள் ஓடி நிரம்பி வழிந்தது. நான் இறங்கி அதைத் திருப்பிக் கட்டி, மீதிப் பாத்திகளுக்கும் பாய்ச்சி முடித்துவிட்டு வந்தேன். அவர் வெளியே வரவில்லை. மண் போனதைப் பத்து வருடத்துக்கு மேல் பொறுத்தவர் அவர். நீ அவரை வெறுப்புக்காரன் என்று நினைத்து வளர்ந்தாய் என்பதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில், முன்பு எழுந்து நின்ற அதே இடத்தில் எழுந்து நின்று, முன்பு சொன்னது பொய் என்று சொன்னேன். இந்த முறை யாரும் கண்ணைத் துடைக்கவில்லை. சிலர் செருமினார்கள். மூப்பர் பதவியை விட்டுவிடுகிறேன் என்றேன். போதகர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார், இன்னும் யோசிக்கிறார். பிறகு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், காணி நீங்கள் பார்த்த அளவு இல்லை, மாமரமும் இல்லை என்று சொன்னேன். கல்யாணம் குழம்பிப்போகுமோ என்ற பயத்தோடுதான் போனேன். உன் மாமனார் இன்னொரு வெற்றிலையை எடுத்து மடித்தார். மாமியார், "அப்ப நாங்கள் பாத்தது என்னத்தை?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். அந்த அம்மாவின் மனக்குறை இன்னும் ஆறவில்லை. என்றைக்காவது ஒரு மத்தியானம் சமையலுக்கு நடுவே அந்தப் பேச்சு வரும், பிள்ளை. வந்தால் நீ எதிர்ப்பேச்சுப் பேசாதே. அது எனக்கு வரவேண்டிய பேச்சு, என் மகள் என்பதால் உன் காதில் விழுகிறது. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

மாப்பிள்ளை மட்டும் என்னைப் படலை வரைக்கும் கூட்டிவந்து, "மாமா, வேலி எண்டைக்கு மாத்துறியள்?" என்றார். சனிக்கிழமை என்றேன். "நானும் வாறன்" என்றார். வந்ததை நீதான் ஜன்னலால் பார்த்தாயே. அழுகைக்கு நடுவிலும் நன்றாகத்தான் பார்த்தாய் என்று உன் அம்மா சொல்கிறாள். சைக்கிளைச் சாத்திவிட்டு, சட்டையைக் கழற்றிக் கொழுவிவிட்டு, ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிற அப்போதிக்கரி அலவாங்கைப் பிடித்து உள்ளங்கை கொப்பளிக்கும்வரை குழி கிண்டினார். உன் புருஷனாக வரப்போகிறவர் எப்படிப்பட்டவர் என்று நான் விசாரித்து அறிந்ததெல்லாம் ஒன்று, அந்தக் காலை நேரத்தில் அறிந்தது ஒன்று. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

நாங்கள் பாதிக் கதியால் நட்ட நேரத்தில் அண்ணை வந்து தன் பக்கத்தில் நின்றார். ஒரு கயிற்றைக் கொண்டுவந்து, கிழக்கு மூலை எல்லைக்கல்லிலிருந்து மேற்கு மூலைக்கு இழுத்துக் கட்டினார். பார்த்தால் நான் நட்டிருந்தவை என் பக்கமாக ஒரு சாண் உள்ளே வந்திருந்தன. திருப்பிக் கொடுக்கிற வேகத்தில் என் மண்ணையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். அவர் குனிந்து, நான் நட்ட முதல் கதியாலைப் பிடுங்கி, கயிற்றடியில், தன் பக்கமாக நட்டார். "இருக்கட்டும் அண்ணை" என்றேன். "உன்ரை வேதத்திலை கூடக் குடுக்கச் சொல்லியிருக்கலாம். என்ரை காணிக்குள்ளை உன்ரை மண் கிடக்க நான் விடமாட்டன்" என்றார். அந்த வேலை முடியும்வரை அவர் சொன்னது அது ஒன்றுதான். மருமகன் குழி கிண்ட, அவர் கதியால் பிடிக்க, நான் மண் இட்டு மிதித்தேன். போகும்போது, "ஓலை நான் கட்டுறன். இந்த முறை நீ கை வைக்காதை" என்றார். அவர் கட்டினால் பொட்டு இல்லாமல் ஒரே அடைப்பாக அடைத்துவிடுவார், கடைசிவரை அவ்வளவுதான் என்று நினைத்தேன். அந்த நேரத்தில்தான் நீ உன் மாமரத்தைக் கேட்டு அழுதாய், நானும் உன்மேல் பாய்ந்தேன்.

புத்திமதி சொல்லாமல் கடிதம் முடித்தால் உனக்கே நம்பிக்கை வராது. உன் புருஷனுக்கு உத்தியோக மாற்றம் வரும். மன்னாருக்கும் போவீர்கள், மலைநாட்டுக்கும் போவீர்கள். எங்கே போனாலும் அடுத்த வீடு ஒன்று இருக்கும். வேதத்தைத் தினமும் வாசி. ஆனால் வாசிக்கும்போது புத்தகத்தை உன் பக்கமாகத் திருப்பி வைத்து வாசி; நான் நெடுங்காலம் அதை மற்றவர்கள் பக்கமாகத் திருப்பி வைத்துத்தான் வாசித்தேன். புருஷனோடு சண்டை வந்தால் வசனம் சொல்லாதே, சோற்றைப் போடு, பிறகு கதை. உன்னை யாராவது பகைத்தால், அது விசுவாசத்துக்காகத்தான் என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதே. முதலில் போய் உன் வேலியைப் பார். யாராவது சிரித்துக்கொண்டே உன் பிழையைச் சொன்னால், அந்த நிமிஷத்தைத் தவறவிடாதே. அது திரும்பக் கிடைப்பது அருமை. எனக்குத் திரும்பக் கிடைத்தது, நான் தகுதியுள்ளவன் என்பதால் அல்ல. மாமரத்தைப் பற்றி: அது இனியும் காய்க்கும். தின்ன வேண்டுமானால் பெரியையாவிடம் கேள். கேட்டால் மறுக்கிற ஆள் அல்ல அவர். முன்பும் நான் கேட்டிருந்தால் மரத்தையே தந்திருப்பார், அதுதான் இதில் எல்லாவற்றையும்விட வெட்கம்.

நேற்று மூன்றாம் முறை அறிவிப்பு வாசித்து முடித்து நாங்கள் தேவாலயத்திலிருந்து வந்தபோது வேலி முழுதும் ஓலை கட்டி முடிந்திருந்தது. தூரத்திலிருந்து பார்க்கப் பச்சையும் வெள்ளையுமாக ஒரே அடைப்பு. உடுப்பு மாற்றாமல் அப்படியே நடந்தேன். நடுவில், பழைய இடத்திலேயே, பொட்டு இருந்தது. ஆனால் பழைய பொட்டு மாதிரி இல்லை. நான் நிமிர்ந்து நின்று கையை உயர்த்தினால்தான் மேலே குறுக்கே கட்டிய வரிச்சு கைக்கு எட்டுகிறது. இரண்டு பக்கமும் ஓலை நுனிகளை மடித்துக் கட்டி, ஒரு ஈர்க்குக்கூட நீட்டிக்கொண்டு நிற்காமல் வெட்டியிருந்தார். அண்ணை அந்தப் பக்கத்தில் மிச்ச ஓலையை அடுக்கிக்கொண்டு நின்றார். "என்ன அண்ணை, பொட்டெண்டு விட்டுப் படலை உயரத்துக்கு விட்டிருக்கிறியள்?" என்றேன். அவர் என்னைப் பார்க்காமல், "பிள்ளை தலையிலை கல்யாண வலை போட்டுக்கொண்டெல்லோ வரும். குனிஞ்சு வந்தால் ஓலையிலை கொழுவிப்போடும்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது, பிள்ளை. மறைக்கவில்லை. அவரும் கண்டும் காணாததுபோல ஓலையையே அடுக்கினார்.

தேவாலயத்துக்கு அவர் வரமாட்டார், அதை நான் வற்புறுத்தவும் மாட்டேன். ஆகவே புதன்கிழமை காலை, சோடித்து முடிந்ததும், வாசலில் கார் நின்றாலும் நிற்கட்டும், நீ முதலில் பின்வளவால் போய் அந்தப் பொட்டால் அவர் வீட்டுக்குப் போ. வழியில் குனிய வேண்டியதில்லை. அவர் முன்னால் போனதும் குனி. மனிதர் காலில் விழக் கூடாது என்று உனக்குச் சொல்லித்தந்தவன் நான்தான். அன்றைக்கு அதை மறந்துவிடு. அவர் திருநீற்றுத் தட்டோடு நிற்பார், எனக்குத் தெரியும், உன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பூசுவதா விடுவதா என்று தயங்குவார். முகத்தைத் திருப்பாதே. நெற்றியைக் கொடு. பூசியதைத் துடைக்காமல் அப்படியே வந்து காரில் ஏறு. தேவாலய வாசலில் யாராவது கேட்டால், ஐயா சொன்னவர் என்று சொல். நான் பக்கத்தில்தான் நிற்பேன்.

உன் ஐயா